வணிகவியல் பிரிவில் நான்காவது பாடம்: வணிகக் கணிதமா, கணினியா, வரலாறா?

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தபின் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அறிவியல் பிரிவா, வணிகவியல் பிரிவா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது. வணிகவியல் என்று முடிவாகிவிட்டால், அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை என்பதுபோல, பள்ளியில் எந்தக் குரூப்பில் இடம் இருக்கிறதோ அதில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், கவனிக்கப்படாமல் போகும் அந்த இரண்டாவது முடிவுதான் மாணவரின் பிற்காலத்தை அதிகம் பாதிக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை மாணவர் ஆறு பாடங்கள் படிக்கிறார். மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு. வணிகவியல் பிரிவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் மாறாதவை. எஞ்சியுள்ள ஓர் இடத்தில்தான் வணிகக் கணிதமும் புள்ளியியலும், கணினிப் பயன்பாடுகள், வரலாறு ஆகியவற்றுள் ஒன்று பள்ளிக்குப் பள்ளி மாறி வருகிறது. சில பள்ளிகளில் அரசியல் அறிவியலோ அறவியலும் இந்தியப் பண்பாடுமோ அந்த இடத்தில் இருக்கும். நான்காவது பாடம் என்று இக்கட்டுரையில் நான் குறிப்பிடுவது அந்த இடத்தைத்தான்.

ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் இரண்டாவதற்குப் போக முடியாது. அறிவியல் பிரிவுக்கும் வணிகவியல் பிரிவுக்கும் இடையில் ஒரு சமமின்மை இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. அறிவியல் படித்தவர் பின்னர் வணிகத் துறைக்கு வரலாம். வணிகவியல் படித்தவர் அறிவியல் துறைக்குப் போக இயலாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். வணிகவியல் மாணவருக்கு இவை இரண்டும் மூடிய வழிகள். செவிலியர் பட்டப்படிப்பும் வேளாண் பட்டப்படிப்பும் அப்படியே. மறுபக்கம், பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவரும் எழுதலாம். பி.பி.ஏ., ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு ஆகியவற்றுக்கும் பிரிவு ஒரு தடையில்லை. பி.காம். சேர்க்கையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவருக்குக் கல்லூரிகள் முன்னுரிமை தருகின்றன என்றாலும், அறிவியல் மாணவர்களும் பல கல்லூரிகளில் சேர்கிறார்கள், பி.காம். முதல் பருவத்தில் நிதிநிலைக் கணக்கியல் அடிப்படைக் கருத்துகளிலிருந்தே தொடங்குவதால், உழைக்கும் மாணவர் சில மாதங்களில் சமநிலைக்கு வந்துவிடுகிறார்.

இதைச் சொல்லித்தான் உறவினர்கள் பலர் “எதற்கும் அறிவியலே எடுத்து வை” என்கிறார்கள். அந்த அறிவுரை ஒரே ஒரு வகை மாணவருக்குப் பொருந்தும்: கணிதமும் இயற்பியலும் பிடித்திருந்து, எந்தத் துறை என்பது மட்டும் இன்னும் தெளிவாகாதவருக்கு. அவர் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்துப் படிப்பதில் தவறேதும் இல்லை. கணிதம் கையில் இருப்பதால் பின்னர் பட்டயக் கணக்காளர் படிப்புக்கு வந்தாலும் அவருக்கு இழப்பு அதிகமில்லை. ஆனால் பொறியியலும் மருத்துவமும் வேண்டாம் என்று முன்பே தெரிந்த ஒரு பிள்ளையை, வழிகள் திறந்திருக்கட்டும் என்பதற்காக மட்டும் இரண்டு ஆண்டுகள் இயற்பியல், வேதியியல் வகுப்புகளில் உட்கார வைப்பது வேறு விஷயம். அந்தப் பாடங்களில் அவர் வாங்கப்போகும் குறைந்த மதிப்பெண்களே நாளை நல்ல கல்லூரியின் பி.காம். இடத்தைப் பறித்துவிடும். திறந்திருக்கும் வழி என்பது, அதன் வழியே நடக்கும் எண்ணம் உள்ளவருக்கு மட்டுமே மதிப்புள்ளது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை, அறிவியலில் இடம் தர முடியாது என்ற காரணத்துக்காக மட்டும் வணிகவியலுக்கு அனுப்பும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படி வந்த மாணவர் முதல் நாளிலேயே தாம் இரண்டாம் தரப் படிப்புக்கு ஒதுக்கப்பட்டவர் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகும். கணக்குப்பதிவியல் எளிதான பாடம் அன்று. அது வேறு வகையான ஒழுங்கைக் கேட்கும் பாடம். அந்த ஒழுங்கு ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கணக்குப்பதிவியல் என்ன கேட்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குத் தேவையான கணக்கு, கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. ₹1,00,000 விலையுள்ள ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் என்றால், நேர்க்கோட்டு முறையில் ஒவ்வோர் ஆண்டும் ₹10,000 எழுதப்படும். குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் ஆண்டு ₹10,000, இரண்டாம் ஆண்டு ₹9,000, மூன்றாம் ஆண்டு ₹8,100 என்று குறைந்துகொண்டே போகும். இதில் கணக்கு அளவில் கடினம் எதுவுமில்லை. ஒரே இயந்திரம், ஒரே விலை, ஒரே சதவீதம். முறை மாறினால் அந்த ஆண்டின் இலாபம் மாறுகிறதே, அது ஏன் என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாமல் இருப்பதுதான் கடினம். அந்தக் கேள்வியில் ஆர்வம் பிறக்கும் மாணவருக்கு இந்தப் பாடம் இனிக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ஒரு கடைக்காரர் தம் கடைக்கென ₹20,000க்கு மேசை நாற்காலிகள் வாங்குகிறார். கணக்கு எழுதுபவர் அதை அறைகலன் கணக்கில் பற்று வைக்காமல் கொள்முதல் கணக்கில் பற்று வைத்துவிடுகிறார். பற்றும் வரவும் சமமாக இருப்பதால், இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இருப்பாய்வு சரியாகவே பொருந்தும். ஆனால் செலவு ₹20,000 கூடுதலாகக் காட்டப்படுவதால் இலாபம் தவறு, சொத்து விடுபட்டுப் போவதால் இருப்புநிலைக் குறிப்பும் தவறு. பாடநூல் இதை விதிப்பிழை என்கிறது. எல்லாம் கணினியே செய்துவிடும் காலத்தில் இதைப் படித்து என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டும் இதுதான். டேலி என்னும் கணக்கு மென்பொருள் பேரேட்டில் எடுத்தெழுதுவதையும் கூட்டலையும் நொடியில் முடித்துவிடும். ஆனால் தவறான கணக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளிட்டால், அந்தத் தவறையும் அதே வேகத்தில் இறுதிக் கணக்குவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், திருப்பூரின் பனியன் நிறுவனமோ ஈரோட்டின் ஜவுளிக் கடையோ எதுவாயினும், பதிவுபெற்ற வணிகர் குறித்த காலத்தில் விவர அறிக்கை செலுத்த வேண்டியிருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்து செய்யும் ஆட்களுக்கான தேவையை எந்த ஆடிட்டர் அலுவலகத்தில் விசாரித்தாலும் அறியலாம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு, ஒவ்வொரு நடவடிக்கையையும் முதலில் எழுதும் குறிப்பேட்டுப் பதிவில் தொடங்கி, பேரேடு, இருப்பாய்வு, துணை ஏடுகள், வங்கிச் சரிகட்டும் பட்டியல், பிழைத்திருத்தம், தேய்மானம் என்று போய்த் தனியாள் வணிகரின் இறுதிக் கணக்குகளில் முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முழுமை பெறாப் பதிவேடுகள், இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள், கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள், விகிதப் பகுப்பாய்வு, டேலி என்று விரிகிறது. ஓர் ஆண்டின் மேல் அடுத்த ஆண்டு நிற்கிறது. குறிப்பேட்டுப் பதிவு புரியாதவருக்குக் கூட்டாளி சேர்ப்பு ஒருநாளும் புரியாது. 2017-18இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை கைவிட்டது. மாணவரின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் இதைக் காரணம் காட்டிப் பதினொன்றாம் வகுப்பை ஓரிரு மாதங்களில் முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளி எதுவாயினும், வணிகவியல் பிரிவுக்கு அது பொருத்தமான பள்ளி அன்று. சேர்க்கைக்கு முன் பெற்றோர் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

வணிகவியலும் பொருளியலும் படித்து எழுதும் பாடங்கள். மேலாண்மைத் தத்துவங்கள், நிதிச் சந்தை, நுகர்வோர் பாதுகாப்பு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் என்று வணிகவியல் பரந்து செல்கிறது. கணக்கில் மட்டும் ஆர்வமுள்ள மாணவர் நெடுவினாக்களை எழுதச் சலிப்படைவதும், எழுத்தில் வல்லவர் கணக்கில் தயங்குவதும் இயல்பு. இரண்டும் ஒரே பிரிவில் சேர்ந்தே வருகின்றன என்பதை முன்னரே அறிந்திருந்தால் போதும்.

இனி நான்காவது பாடத்துக்கு வருவோம். வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பாடம், பெயரைக் கேட்டு நினைப்பதுபோல இலாப நட்டக் கணக்கு அன்று. பதினொன்றாம் வகுப்பில் அணிகளும் அணிக்கோவைகளும், பகுமுறை வடிவியல், முக்கோணவியல், வகை நுண்கணிதம், நிதியியல் கணிதம், ஒட்டுறவு ஆகியவை வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள், குறியீட்டு எண்கள், செயல்முறை ஆராய்ச்சி ஆகியவை வருகின்றன. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கு இது உண்மையிலேயே கடினமாக இருக்கும். அதோடு மதிப்பெண் அமைப்பும் அவருக்குச் சாதகமாக இல்லை: இப்பாடத்தில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் உரியவை. கணினிப் பயன்பாடுகளிலோ எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்குத்தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று 30 மதிப்பெண் தேர்வு மண்டபத்துக்கு வெளியிலேயே கிடைத்துவிடும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பின் நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தே நடப்பதால், பத்துப் பதினைந்து மதிப்பெண் வேறுபாடு ஓர் இடத்தைத் தரவும் பறிக்கவும் வல்லது. பெற்றோர் கணினிப் பாடத்தை விரும்புவதற்குப் பின்னால் உள்ள இந்தக் காரணம் நியாயமானது. அதை அலட்சியப்படுத்த நான் விரும்பவில்லை.

ஆயினும் அந்தப் பாடத்துக்குள் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்பு, ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும், பன்னிரண்டாம் வகுப்பில் பல்லூடகம், தரவுதள மேலாண்மை, பிஎச்பி, வலையமைப்பு, மின் வணிகம் ஆகியவையும் இருக்கின்றன. இவை பயனுள்ளவை. கணக்கர் வேலைக்கு நேரடியாக உதவுவது விரிதாள் பகுதிதான். அதையும் டேலியையும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி மையத்தில் கற்றுக்கொள்ளலாம், டேலியோ கணக்குப்பதிவியல் பாடத்திலேயே வந்துவிடுகிறது. நுண்கணிதத்தையும் நிகழ்தகவையும் அப்படி ஒரு கோடையில் கற்றுவிட முடியாது. பள்ளியில் ஆசிரியர் அருகில் இருக்கும்போது, இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் பயிற்சி செய்து கற்க வேண்டியவை அவை. பின்னால் தனியாகக் கற்கக் கடினமானதை இப்போது பள்ளியில் கற்றுக்கொள். எளிதானதைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம் என்பதே நான்காவது பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது.

இந்த வேறுபாடு எங்கே வெளிப்படும் என்பதைப் பட்டயக் கணக்காளர் ஃபவுண்டேஷன் தேர்வைக் கொண்டு பார்க்கலாம். அதில் நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். கணக்கியலும் வணிகச் சட்டங்களும் விரித்து எழுதும் தாள்கள். அளவைத் திறனும் வணிகப் பொருளியலும் கொள்குறி வகை, அங்கே ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண், மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 400க்கு 200 பெற்றால்தான் தேர்ச்சி. வணிகவியல் பிரிவு மாணவருக்கு முதல் தாளும் இரண்டாம் தாளும் நான்காம் தாளும் பள்ளியில் அறிமுகமானவை. சரக்கு விற்பனைச் சட்டமும் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அவர் ஏற்கெனவே படித்தவை. அவர் தடுக்கி விழும் இடம் மூன்றாவது தாள். அதில் வணிகக் கணிதத்துக்கு 40, தருக்கச் சிந்தனைக்கு 20, புள்ளியியலுக்கு 40 மதிப்பெண். பணத்தின் காலமதிப்பு, வரிசைமாற்றமும் சேர்வும், நுண்கணித அடிப்படை, நிகழ்தகவு, ஒட்டுறவு, குறியீட்டு எண்கள் என்று அங்கே வருபவற்றில் பெரும்பகுதி வணிகக் கணிதப் பாடநூலில் இருப்பவையே. மற்ற மூன்று தாள்களில் நன்றாக எழுதிவிட்டு, இந்த ஒரு தாளில் 40ஐத் தொடாமல் நின்றுபோகும் பிள்ளைகளின் நிலைக்கான விதை, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் ஊன்றப்பட்டது.

ஃபவுண்டேஷனை எழுதாமலேயே, பட்டப்படிப்பை முடித்து நேரடியாக இரண்டாம் படியான இன்டர்மீடியட் நிலைக்குச் செல்லும் வழியும் உண்டு: வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதமும் பிற பட்டதாரிக்கு 60 சதவீதமும் தேவை. கணிதம் படிக்காதவருக்கு இது ஒரு மாற்று வழிதான். ஆனால் இரண்டு வழிகளின் கால அளவையும் ஒப்பிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஃபவுண்டேஷனைத் தேறுபவர், பி.காம். படித்துக்கொண்டே இன்டர்மீடியட்டுக்குப் போய்விடலாம். 2023இல் வந்த புதிய திட்டத்தின்படி, ஆடிட்டர் அலுவலகத்தில் பெறும் நடைமுறைப் பயிற்சிக் காலமும் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்றபின் தொடங்குபவர் பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளை இழக்கிறார். வருமானத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த மூன்றாண்டு சிறிய செய்தி அன்று.

கணிதம் கேட்கும் வேறு வழிகளும் உண்டு. இந்தூர் இந்திய மேலாண்மைக் கழகம் 2011 முதல் நடத்திவரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்புக்கு எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வில் அளவைத் திறன் பெரும் பங்கு வகிக்கிறது. பி.சி.ஏ., பி.எஸ்சி. புள்ளியியல் போன்ற படிப்புகளுக்குச் சில கல்லூரிகள் வணிகக் கணிதத்தை ஏற்றுக்கொள்கின்றன. அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கை விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வணிகக் கணிதம் பொறியியலுக்கு உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில குடும்பங்கள் அந்த எண்ணத்தில் ஏமாந்திருக்கின்றன.

வரலாற்றோடு வரும் வணிகவியல் பிரிவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பல அரசுப் பள்ளிகளில் வணிகவியல் பிரிவென்றால் அதுதான் இருக்கிறது. இதைக் குறைவான தேர்வு என்று நான் கருதவில்லை. ஆனால் இதன் பயன் வேறு திசையில் இருக்கிறது. அரசுப் பணியை நோக்கிச் செல்லும் மாணவருக்கும், சட்டப் படிப்பை நாடுபவருக்கும் வரலாறும் பொருளியலும் சேர்ந்த இந்த அமைப்பு நல்ல அடித்தளம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொது அறிவுத் தாளில் இவ்விரு பாடங்களும் தொடர்ந்து கேட்கப்படுகின்றன; கணக்குப்பதிவியல் தெரிந்திருப்பது கருவூலம், கூட்டுறவு போன்ற துறைகளில் பணியில் சேர்ந்தபின் கைகொடுக்கும்.

பயிற்று மொழியும் இந்த முடிவோடு பிணைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணி நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒருவர், பட்டதாரி நிலை அரசுப் பணியைக் குறியாகக் கொண்டிருந்தால், பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டயக் கணக்காளர் தேர்வுகளின் நிலையோ இதற்கு நேர்மாறு. அவற்றை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் பற்று, வரவு, நற்பெயர், தேய்மானம் என்று கற்ற மாணவர் கருத்தளவில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் வணிகச் சட்டத் தாளில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அந்த இலக்கு உள்ள தமிழ்வழி மாணவர், பிரிவை மாற்றத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் ஆங்கிலத்திலும் இலவசமாக இணையத்தில் கிடைப்பதால், ஒவ்வோர் அலகையும் முடித்தபின் அதன் ஆங்கில வடிவத்தை ஒருமுறை படித்துக்கொண்டே வந்தால் இரண்டு ஆண்டுகளில் அந்தத் தடை பெருமளவு விலகிவிடும்.

தொழிற்கல்விப் பிரிவில் உள்ள கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் என்ற பாடத்தையும் சிலர் கேட்கிறார்கள். செய்முறைப் பயிற்சிக்கு அங்கே கூடுதல் இடம் உண்டு. பள்ளி முடித்ததும் வேலைக்குப் போக வேண்டிய நிலையில் உள்ளவருக்கு, அதோடு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சையும் சேர்த்துக்கொண்டால், அது மதிப்பான தேர்வு. ஆனால் உயர்கல்வியே இலக்கு என்றால் பொதுப் பிரிவுதான் வசதி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பள்ளிகளில் கணக்கியல், வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றோடு கணிதத்தையோ, 2020-21 முதல் வந்த பயன்முறைக் கணிதத்தையோ எடுக்கலாம். கணக்கியலில் அங்கே ரொக்க ஓட்ட அறிக்கை உண்டு, நம்மிடம் அது இல்லை. இந்த வேறுபாட்டுக்காகப் பள்ளி மாறுவது தேவையற்ற செலவு.

இவ்வளவுக்குப் பின் என் தீர்ப்பைச் சொல்வதானால், வணிகவியல் பிரிவைத் தேர்ந்தெடுத்த மாணவர் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஓரளவு நன்றாகச் செய்திருந்தால், அவர் எதிர்காலம் பற்றி எதுவும் முடிவு செய்யாதவராக இருந்தாலும் கூட, வணிகக் கணிதத்தையே எடுக்க வேண்டும். கணிதம் உண்மையிலேயே அச்சுறுத்துகிறது, ஒவ்வொரு தேர்வும் துன்பமாகிறது என்றால், அவரை அதில் தள்ளுவது கொடுமை; கணினிப் பயன்பாடுகள் அவருக்கு நல்ல மதிப்பெண்ணையும் பயனுள்ள பயிற்சியையும் தரும், பட்டம் பெற்றபின் செல்லும் நேரடி வழியும் அவருக்காக இருக்கிறது. அரசுப் பணியோ சட்டமோதான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவர் வரலாற்றை மகிழ்ச்சியோடு எடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தார், நண்பர்கள் எல்லோரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பவை மட்டும் காரணமாகக் கூடாது.

அச்சம் உண்மையானதா, வெறும் பழக்கமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. தேர்வு முடிந்து முடிவு வரும்வரை கிடைக்கும் இடைவெளியில், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் குறிப்பேட்டுப் பதிவுகள் உள்ள அலகையும், வணிகக் கணித நூலில் முதல் அலகான அணிகளையும் பதிவிறக்கம் செய்து, உதாரணக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். பத்து நாள் செய்தாலே போதும். ஒரு கணக்கு வராதபோது எரிச்சலில் நூலை மூடத் தோன்றுகிறதா, எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதை மாணவர் தாமே கவனிக்க வேண்டும். இரண்டாவது உணர்வு வருமானால் மதிப்பெண் குறைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஊரிலுள்ள பள்ளியில் வணிகக் கணிதமே இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி மாணவர்கள். தினமும் சென்று வரக்கூடிய தொலைவில் அந்தப் பாடம் உள்ள வேறு அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால், உள்ள பிரிவிலேயே சேர்ந்துகொண்டு, பள்ளியின் கணித ஆசிரியரிடம் உதவி கேட்டு, வணிகக் கணித நூலின் நிதியியல் கணிதம், நிகழ்தகவு, ஒட்டுறவு ஆகிய அலகுகளை மட்டும் பதினொன்றாம் வகுப்பு ஆண்டு விடுமுறையில் தொடங்கிப் படித்துவரலாம்; ஃபவுண்டேஷனின் மூன்றாவது தாளில் 40 மதிப்பெண்ணைத் தாண்டுவதற்கு இந்த அலகுகளும் புள்ளியியலின் அடிப்படைப் பகுதியும் பெருந்துணையாக இருக்கும், நுண்கணிதத்தைக் கடைசியாகத் தொட்டுக்கொள்ளலாம்.